பழுப்பு இன்ஹேலர்

என் தம்பி ஹிலால் மலைமேலிருந்து பெண் எடுத்தபோதே எனக்கு ஒப்பவில்லை. நான் புருஷனைப் பறிகொடுத்து, மகளோடு தம்பி வீட்டில் இருப்பவள். வீட்டில் என் பேச்சுதான் பேச்சு. வந்த முதல் வாரமே அந்தப் பெண் ரய்யா என் மானத்தை வாங்கினாள். எங்கள் ஊர் நிஸ்வாவில் விருந்தாளிகளுக்குக் காப்பி முடிந்ததும் சாம்பிராணித் தட்டு சுற்றி வரும். ஒவ்வொருத்தியும் முக்காட்டுக்குள் பிடித்துப் புகையை வாங்கிக்கொள்வாள். அத்தனை பெண்கள் நடுவில் இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எங்க வீட்டுப் புகை மகாராணிக்கு ஆகாதோ?" என்றேன். மறுநாளிலிருந்து காலையும் மாலையும் அவள் அறை வாசலிலேயே தட்டை வைத்தேன்.

ஆஸ்துமாவாம். இரண்டு இன்ஹேலர் வைத்திருந்தாள். நீலத்தை இழுத்தால் உடனே இளைப்பு நிற்கும். அது எனக்குப் புரிந்தது. பழுப்பை, மூச்சு நன்றாக இருக்கும்போதே தினமும் இழுப்பாள். நோயில்லாத நேரத்தில் மருந்து எதற்கு? அது பழகிவிடும், பிள்ளை தங்காது என்று தம்பி காதில் ஓதினேன். அவன் வாங்குவதை நிறுத்தினான். இருந்ததை நான் குப்பையில் போட்டேன்.

ரய்யா எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ரோஜா பறிக்கும் நாட்களில் மலைக்குப் போய், சரிவில் வெட்டிய படிகளில் ஏறி, அப்பாவின் வயலில் தங்கைகளோடு பூப்பறிக்க வேண்டும். முதல் வருஷம் எல்லாப் படியும் ஏறினாள். அடுத்த வருஷம் பாதி. மூன்றாம் வருஷம் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நல்லா நடிக்கிறா என்று சிரித்தேன். பாவி நான்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா நெஞ்சு ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"நீலம், இறுகின குழாயை அப்போதைக்குத் தளர்த்தும், அவ்வளவுதான். உள்ள இருக்கிற வீக்கத்தை அடக்கறது பழுப்பு. அத நிறுத்தினதால மூச்சுக்குழாய்ச் சுவரே தடிச்சுப்போச்சு. தழும்பு விழுந்து, சுத்தியிருக்கிற தசையும் பெருத்து, வழி குறுகிடுச்சு."

"இனிமே மருந்து எடுத்தா?" என்றாள் ரய்யா.

"மேல கெடாம பாத்துக்கலாம்மா. தடிச்சது பழையபடி ஆகாது."

யார் நிறுத்தச் சொன்னது என்று டாக்டரம்மா கேட்டாள். ரய்யா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பியிருந்தால் சண்டை போட்டாவது தப்பித்திருப்பேன்.

அந்தக் குளிர்காலத்தில் என் ஏழு வயது மகள் புஸைனாவுக்கு இளைப்பு கண்டது. அதே டாக்டரம்மா, அதே நீலம், அதே பழுப்பு. பழுப்பை நீட்டினால் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"இப்ப நல்லாத்தானே இருக்கேன்? பழகிடும்னு நீதானே சொன்னே?"

கெஞ்சினேன், அடித்தேன், நடக்கவில்லை. வேறு வழியின்றி ரய்யாவின் காலில் விழாத குறையாகக் கூப்பிட்டேன். அவள் வந்து குழந்தையை மடியில் இருத்தி, அதன் காதைத் தன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

புஸைனா வெகுநேரம் கேட்டாள். "ஏன் அத்தை உள்ள இப்படிக் கத்துது?"

"பழுப்ப... நிறுத்தினதால."

"யாரு நிறுத்தினா?"

"உங்கம்மா."

மகள் என்னைப் பார்த்தாள். நான் நீட்டிய மருந்தை என் கையிலிருந்து பிடுங்கி ரய்யாவிடம் கொடுத்தாள்.

"நீங்களே குடுங்க அத்தை. அம்மா வேணாம்."