அனுமதி கேட்ட பெரியப்பா

இசிகேலிக்கு இல்லை என்று சொல்ல வராது. அதை அவன் குணக்கேடு என்றும் சொல்லிவிட முடியாது. ஃபிஜியில் சொந்தக்காரன் ஒருவன் வாய்விட்டுக் கேட்டுவிட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டும். கெரேகெரே என்பார்கள். இசிகேலியோ சுவா துறைமுகத்தில், தீவுகளுக்குப் போகும் கப்பலுக்கு இடம் பதிகிற அலுவலகத்தில் வேலை பார்த்தான். கடல் கடக்க வேண்டிய சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் அவன் நம்பர் இருந்தது. கடல் கடக்க வேண்டாதவர்களிடமும் இருந்தது.

காலையில் போனைத் திறந்தால் வரிசையாக நிற்பார்கள். "தம்பி, என் பன்னிக்கும் கப்பல்ல ஒரு இடம் போடு." "மாமா, கல்யாணத்துக்குப் போறேன், உங்க நீலச் சட்டை வேணும்." "பசங்க ரெண்டு பேரும் உன் வீட்டுல தங்கிப் படிக்கட்டும்." நீலச் சட்டை போனது போனதுதான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அதை யாரோ ஒருவன் மேல் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று இசிகேலியே பாராட்டினான்.

அவனுடைய மச்சான் எரோனி போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். தாய்மாமன் மகன். அங்கே மச்சான் என்றால் என்ன வேண்டுமானாலும் திட்டலாம், பதிலுக்குக் கோபப்படக் கூடாது.

"மச்சான், பேசாம உன் போனுக்கு ஒரு உதவியாளரைப் போட்டு விடவா? செயற்கை நுண்ணறிவு. வர்ற மெசேஜெல்லாம் அது படிச்சுப் பதில் போடும்" என்றான் எரோனி.

"இல்லைன்னு சொல்லுமா?"

"உன்னை மாதிரி வெண்ணெய் இல்ல அது. நாகரிகமாச் சொல்லும்."

இசிகேலி அப்போதே போனை நீட்டிவிட்டான். எரோனி வாங்கவில்லை. விளையாட்டெல்லாம் வாயோடுதான், வேலையில் அவன் கெட்டிக்காரன். "தனியா ஒரு சிம் வாங்கு. உன் சொந்த நம்பர்ல இதை விட்டா, உன் வீட்டுச் சாவியை வேலைக்காரன் கையில கொடுத்த மாதிரி."

"புது நம்பருக்கு எவன் அனுப்புவான்? எல்லாரும் இதுலதானே வர்றானுங்க."

எரோனி தலையில் அடித்துக்கொண்டு, சொந்த நம்பரிலேயே இணைத்தான். ஆனால் கட்டுப்பாடுகளை இறுக்கினான். போனில் பெயர் பதிந்த ஆட்களுக்கு மட்டும்தான் உதவியாளர் பதில் சொல்லும். ஊர்க் குழு, கோயில் குழு பக்கமெல்லாம் தலைகாட்டாது. யாருக்காவது வாக்குக் கொடுப்பதென்றால் முதலில் இசிகேலியைக் கேட்கும். தெரியாத நம்பரிலிருந்து வந்தால் அந்த ஆளுக்கு ஒரு ரகசிய எண் போகும், அதை அவர் திருப்பி அடித்து அனுப்பவேண்டும். ஒவ்வொரு தடவையும் இசிகேலியின் திரையில் 'அனுமதிக்கலாமா, நிராகரிக்கலாமா' என்று வந்து நிற்கும். அவன் அனுமதித்தால்தான் அந்த ஆள் உள்ளே வர முடியும்.

"இதுதான் முக்கியம். அது உன்னைக் கேக்கும். தொறந்து படிச்சிட்டு அழுத்து. உன் மண்டையில ஏறுச்சா, தேங்கா?"

"ஏறுச்சு, ஏறுச்சு."

அதற்குப் பிறகு இசிகேலிக்குச் சொர்க்கம்தான். பன்றிக்கு இடம் கேட்டவருக்கு உதவியாளர், சரக்குப் பகுதியில் முறைப்படி பதிவு செய்துகொள்ளுமாறு அன்போடு சொன்னது. சட்டை கேட்டவனுக்கு, இப்போதைக்கு வசதிப்படாது என்று வருத்தம் தெரிவித்தது. மத்தியானம் அவன் பொட்டலத்தைப் பிரித்து மரவள்ளியும் டின் மீனும் நிம்மதியாகச் சாப்பிட்டான். வாழ்க்கையில் முதல்முறையாக அவனிடமிருந்து இல்லை என்ற சொல் வெளியே போய்க்கொண்டிருந்தது, அதைச் சொல்ல அவன் வாயைத் திறக்கவேண்டியும் இருக்கவில்லை.

அவனுக்கு மிகவும் பிடித்தது அந்த நிராகரிப்புப் பொத்தான். தெரியாத நம்பர் என்று வந்தாலே அழுத்தினான். திறந்து படிப்பதெல்லாம் முதல் வாரத்தோடு சரி.

அந்த ஊரில் நம்பர் என்பது ஒரு ஆளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சமாச்சாரம் இல்லை. ஒரு கம்பெனி இலவசமாக ஏதாவது கொடுத்தால் சனம் மொத்தமும் சிம்மை மாற்றும். அடுத்த மாதம் இன்னொரு கம்பெனி. இது இசிகேலிக்குத் தெரியாதா? அவனே எத்தனையோ தடவை மாற்றியவன்தான். பொத்தானை அழுத்துகிற சுகத்தில் மறந்துவிட்டான்.

இத்தனைக்கும் அது அவன் கல்யாணம் கூடிவரும் நேரம். ஒவலாவு தீவுக்காரி அகனிசி அவனுக்குச் சரி என்று சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் போதாது. அப்பா இல்லாத அவனுக்காக, அப்பாவின் அண்ணன் இலாய்தியா பெரியப்பா திமிங்கிலப் பல்லை ஏந்திக்கொண்டு போய், அவள் வீட்டுப் பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து முறைப்படி கேட்கவேண்டும். பெரியப்பா போகவில்லை என்றால் கல்யாணம் இல்லை. வருகிற சனிக்கிழமை என்று பேச்சு. தைலேவுப் பக்கத்து ஊரிலிருந்த பெரியப்பாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பழைய நம்பருக்கு அடித்தால் மணி போகவே இல்லை.

கடைசியில் தகவல் எரோனி வாயால் வந்தது. அன்று அவன் திட்டவில்லை. அதிலேயே விஷயம் பெரிசு என்று இசிகேலிக்குத் தெரிந்துவிட்டது.

"பெரியவர் வரமாட்டாராம். 'அந்தப் பையன் வீட்டுக்குள்ள போறதுக்கு எனக்கு அனுமதி கிடைக்கல'ன்னு ஊரெல்லாம் சொல்றாராம். புது சிம் வாங்கியிருக்கார்டா."

"மெஷின் செஞ்ச வேலை மச்சான் அது! நான் என்ன பண்ணேன்?"

எரோனி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு சந்தையில், சடங்குகளில் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர் நல்லதாகப் பார்த்து ஒரு கட்டு வாங்கச் சொன்னான். மன்னிப்புக் கேட்க வெறுங்கையோடு போக முடியாது.

பெரியப்பா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்திருந்தது. அவர் சுவரில் சாய்ந்து, எங்கோ பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எரோனி வேர்க் கட்டைப் பாயில் வைத்து, தழைந்த குரலில் முறையான வார்த்தைகளில் பேசினான். தப்புச் செய்தவன் தலை குனிந்து சும்மா இருக்கவேண்டும். பேசுவதற்கு வேறு ஆள். பெரியவர் கையை நீட்டி வேரைத் தொட்டால் மன்னித்துவிட்டார் என்று அர்த்தம். தொடாமல் விட்டால் அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பவேண்டியதுதான்.

"கண்ணு இல்லாத மெஷின் செஞ்ச தப்பு ஐயா. பையன் மேல கோபம் வேண்டாம்" என்று முடித்தான் எரோனி.

பெரியப்பா தொடவில்லை. "அந்த மெஷினை இப்படி வை. நானே கேக்கறேன்."

போனைப் பாயில் வைத்தார்கள். எரோனி பேசும் வசதியைத் திறந்துவிட்டான்.

"என்னை யாருப்பா வெளிய நிறுத்தினது?" என்று பெரியப்பா மரியாதையாகத்தான் கேட்டார்.

"இது உரிமையாளரின் கணக்கு பற்றிய விவரம். அவர் அனுமதித்தால் சொல்கிறேன்" என்றது உதவியாளர்.

எல்லாரும் இசிகேலியைப் பார்த்தார்கள். மெஷினே தன் வாயால் ஒத்துக்கொள்ளட்டும் என்று அவனுக்குத் தெம்பு. "அனுமதிக்கிறேன். எல்லாத்தையும் சொல்லு."

"புதிய எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. உரிமையாளரிடம் காட்டினேன். அவர் திறக்கவில்லை. நிராகரித்தார். அதே எண்ணிலிருந்து ரகசிய எண் மூன்று முறை வந்தது. மூன்று முறையும் காட்டினேன். மூன்று முறையும் நிராகரித்தார்."

எரோனி கண்ணை மூடிக்கொண்டான். இசிகேலிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

"அந்தச் செய்தியைப் படி" என்றார் பெரியப்பா.

"'மகனே, நான் இலாய்தியா. இது புது நம்பர். பல் கிடைச்சிருச்சு, நல்ல பெரிய பல். உங்க அப்பன் இருந்தா சந்தோஷப்பட்டிருப்பான். சனிக்கிழமை எந்தக் கப்பல்னு சொல்லு.'"

 

"எனக்கு அந்த எண்ணை அடிக்க வரல" என்றார் பெரியப்பா, போனைப் பார்த்து அல்ல, இசிகேலியைப் பார்த்து. "கண்ணு தெரியல. தப்பா அடிச்சிட்டேன் போலன்னு நினைச்சேன். நம்ம ஊர் ஆஸ்பத்திரி நர்ஸ் பொண்ணுகிட்ட கொடுத்து அடிக்கச் சொன்னேன். அவ, 'சரியாத்தான் இருக்கு தாத்தா, அவங்கதான் வேண்டாம்கறாங்க'ன்னா."

இசிகேலி பேசக்கூடாது. ஆனாலும் பேசினான். "நான்தான் பெரியப்பா. மெஷின் இல்ல. பார்க்காமலே அழுத்தினேன்."

"யாருன்னு நினைச்சு அழுத்தின?"

அதற்குப் பொய் சொல்லியிருக்கலாம்.  வெட்கத்தில் அவன் அழுதான். "யாரோ சொந்தக்காரங்க, ஏதோ கேக்க வர்றாங்கன்னு நினைச்சேன்."

"சொந்தக்காரன்தான்" என்றார் பெரியப்பா. "கேக்க வரலடா. கொடுக்க வந்தேன்."

அதற்கு மேல் அவனால் தலையைத் தூக்க முடியவில்லை. வேர்க் கட்டு பாயிலேயே கிடந்தது.  எரோனியிடம் முறையான வார்த்தைகள் எல்லாம் தீர்ந்துபோயிருந்தன.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "பொண்ணு வீட்டுல ஒண்ணு கேப்பாங்க. எங்க சனம் சுவாவுக்கு வந்தா உங்க பையன் கதவைத் தொறப்பானான்னு. அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்."

இசிகேலி நிமிர்ந்தான்.

"மாப்பிள்ளை வர்ற வழக்கம் இல்லதான். இருந்தாலும் நீ வா. என் பின்னாடி உக்காரு. அவங்க கேக்கறப்ப உன் வாயால நீயே சொல்லு. வேற ஆளு வைக்காத."

"வர்றேன் பெரியப்பா. நானே சொல்றேன்."

பெரியப்பா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் அவர் கை வேரின் பக்கம் நீண்டது.