இராக்கம்மாவின் முறை

பெரியாயியின் கும்பிடு ஒரு நாளும் முடிவதில்லை. எப்படி முடிப்பது என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

பதுளைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், கூலி வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற லயத்துக்குப் பின்னால், மஞ்சள் பூசிய கல் ஒன்று நின்றது. அதுதான் மாரியாத்தா. விடியுமுன் அகலை ஏற்றிவிட்டுப் பெரியாயி பெயர் சொல்லத் தொடங்குவாள். முதலில் குலதெய்வம். பிறகு திருச்சிப் பக்கம் விட்டுவந்த மாமனார், மாமியார், கொழுந்தன்மார், அவர்கள் பிள்ளைகள், புருஷன் அழகர், மூன்று மகன்கள். ஆளுக்கொரு வேண்டுதல். கட்டிக்கொடுத்த மகள் வேறு வீட்டுக்காரி ஆகையால் கடைசி. அந்தக் கடைசிப் பெயருக்கு வருவதற்குள் பெரட்டுக்குத் தப்பு மேளம் அடித்துவிடும். ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை. பெரியாயி எழுந்து ஓடுவாள்.

வேறு சமயமானால் பரவாயில்லை. மகள் இராக்கம்மாவுக்கு மாதம் நிறைந்துவிட்டது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அனுப்ப அவள் வாழ்க்கைப்பட்ட எல்ல ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துத் துரை சம்மதிக்கவில்லை. பெயர் சொல்லி ஒப்படைக்காத பிள்ளையை ஆத்தா எப்படிக் காப்பாள்?

இன்னும் முந்தி எழுந்து பார்த்தாள். நேரம் கூடியதும் வேண்டுதலும் கூடியது. கொழுந்தன் வீட்டு மாட்டுக்குக்கூடச் சுகம் கேட்டாள். வேகமாகச் சொல்லிப் பார்த்தாள்; கங்காணி பெரட்டில் ஆள் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. மகளை முன்னால் வைக்கவோ துணிவில்லை. பெரியவர்களைத் தாண்டிய குற்றம் அந்த வயிற்றின்மேல் இறங்கினால்?

"ஏ புள்ள, தெனம் அதே பேருதானே? நம்ம சாதிசனம் பூரா ஆத்தாவுக்கு மனப்பாடமாயிருக்கும்" என்றான் அழகர்.

"கேலி பண்ணாதீங்க. நாளைக்கு உங்க பேரைத்தான் விடப்போறேன்."

"விட்டுடு. எனக்கென்ன, புள்ளையா பொறக்கப் போகுது?"

அன்று ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து கிள்ளும் வேலை. புதிதாக வந்த இரண்டு பெண்கள்மேல் வீரசிங்கம் கங்காணி பாய்ந்தார். முந்தின நாள் பாதியில் நின்ற நிரையை விட்டுவிட்டு, மலையடியில் முதல் செடியிலிருந்தே கிள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"நேத்துக் கிள்ளின செடியில இன்னைக்கு என்னம்மா இருக்கு, காம்பா? தெனம் மொதச் செடியிலேர்ந்து ஆரம்பிச்சா மேமலைக்கு எந்தக் காலத்துல போறது? நேத்து நின்ன எடத்துல குச்சி நட்டிருக்குல்ல, அங்கேர்ந்து புடிங்க!"

பெரியாயியின் கை கொழுந்தோடு நின்றது. தினமும் முதல் செடியிலிருந்து தொடங்குகிறவள் அவளும்தான்.

மறுநாள் புதன்கிழமை. அகலை ஏற்றியதும், "ஆத்தா, நேத்து ரெண்டாவது மவன்கிட்ட நின்னுச்சு" என்றாள். மூன்றாமவனுக்குக் கேட்டாள். பிறகு, "எம் மவ இராக்கு" என்றாள். நேரம் நிறைய இருந்தது. மகளின் இடுப்புக்கு, வயிற்றுக்கு, பிள்ளை எடுக்கும் மருத்துவச்சியின் கைக்கு, வைக்கப்போகும் வெந்நீருக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பல நாளாக நெஞ்சில் நின்ற மூச்சு கீழே இறங்கியது.

சனிக்கிழமை எல்லயிலிருந்து வந்த வண்டிக்காரர் சேதி சொன்னார். பெண் குழந்தை. இரண்டு உயிரும் சுகம். செவ்வாய்க்கிழமை பொழுது சாயப் பிறந்ததாம்.

அழகர் விரலை மடக்கினான். "செவ்வாயா? நீ பேர் சொன்னது புதன்ல! அதுக்கு முந்தியே பொறந்திருச்சே!"

 பெரியாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப ஆத்தா அவ பாட்டுக்குப் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கா. நாந்தான் பயந்து செத்திருக்கேன்."

"இனிமே கும்பிட வேணாமே, நிம்மதியாத் தூங்கலாம்."

"நல்லாச் சொன்னீங்க! நீங்களும் நானும் தெரியாத சேதியா பேசிக்கிறோம்? அதுக்காகப் பேசாம இருக்கமா?"

மகளின் பெயருக்குப் பின்னால் பேத்தியும் சேர்ந்தாள். வருஷங்கள் போகப் பெயர்கள் இன்னும் கூடின; பெரியாயி ஒரு நாளும் அவசரப்படவில்லை. அவள் கண்ட வழி இதுதான்: தப்பு அடிக்கும்போது எந்தப் பெயரில் நிற்கிறாளோ, அதை மனத்தில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போவாள், மறுநாள் அடுத்த பெயரிலிருந்து தொடர்வாள். கடைசிப் பெயர் முடிந்தால் மறுபடி குலதெய்வம். ஒரு சுற்று முடிய மூன்று நாளானாலும் ஐந்து நாளானாலும் சரி, யாரும் விடுபடுவதில்லை. ஆயுசு முழுவதற்கும் ஒரே கும்பிடு.