சந்தனம் அப்பிய கல்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, நொச்சிக்காட்டிலிருந்து புங்கனேரிப் பூங்காவுக்குப் போகும் மாநில நெடுஞ்சாலை முடிவதை நிறுத்திக்கொண்டது. ஊர்க்காரர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன மழைக்கு ஒரு வளைவு காணாமல் போய், பிறகு தானே திரும்பி வந்த சாலைதானே இது.

இந்த முறை தப்பு பொன்மலருடையது. அவள் சாலைப் பணியாள். பூஜையன்று சாலைப் பணியாளர்கள் மண்வெட்டிக்கு மட்டுமா பொட்டு வைக்கிறார்கள்? கிலோமீட்டர் கல்லையும் கழுவி, மாலை போட்டு, சந்தனம் வைத்துக் கும்பிடுவார்கள். பூங்காவுக்கு முந்தைய கடைசிக் கல்லில் பொன்மலர் தாராளம் காட்டிவிட்டாள். எண்ணே தெரியாமல் சந்தனத்தை அப்பிவிட்டாள். எண்ணை விட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். வீட்டுக்குப் போகிற அவசரம், வேறென்ன.

அவள் வீட்டுக்காரன் குணசேகர், ஏழு வயது மகள் தன்ஷிகாவை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு காலையிலேயே பூங்காவுக்குக் கிளம்பியிருந்தான். சோறு வடிக்கும் நேரத்தில் போன் வந்தது. கடைசிக் கல்லைத் தாண்டியாச்சு, ஊர் ஊராக வருகிறது, பூங்கா இருக்கிற ஏரியைத்தான் காணோம் என்றான். பிறகு மகளிடம் கொடுத்தான்.

"அம்மா, கவுன் பத்தலம்மா. வழியில அப்பா சுடிதார் வாங்கிக் குடுத்தாரு."

குரல் வயதுக்கு வந்த பெண்ணின் குரல். பொன்மலர் சோற்றுப் பானையை இறக்கி வைத்தாள். அடுப்பை அணைத்தாள். கம்பி பிரஷை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

கல் வரைக்கும் சாலை ஒழுங்காகத்தான் இருந்தது. கண்டக்டர் அவளை இறக்கிவிட்டு, அதற்குமேல் வண்டி போகாது, காலையில் போன வண்டியின் டிரைவர் இப்போது ரிட்டயர் ஆகிவிட்டார் என்று சாதாரணமாகச் சொன்னார். பிரஷைப் பார்த்ததும் கொஞ்சம் யோசித்தார்.

"சுரண்டினா சாலை முடிஞ்சிரும். போனவங்க எந்த வயசுல இருக்காங்களோ, அந்த வயசுலயே நிப்பாங்க. பாத்துக்கங்க."

பஸ் திரும்பிப் போனது. பொன்மலர் கல்லின் முன்னால் உட்கார்ந்தாள். சந்தனம் காயவே இல்லை. தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. மறுபடி போன் அடித்தது.

"அம்மா, சீக்கிரம் வாம்மா." குரல் வயதாகிக் கரகரத்தது.

"அப்பா எங்கடி?"

"ஒரு ஊர்ல இறங்கிட்டாரு. முட்டி வலியாம். நீ போம்மான்னு வண்டியைக் குடுத்துட்டாரு."

பாவி, ஒரு நிமிஷம் யோசித்ததற்கே இவ்வளவா என்று பொன்மலர் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அழுதுகொண்டே சுரண்டினாள். கல் லேசாக முனகியது. எண் தெரிந்தது.

நடந்து வளைவைத் தாண்டியதும் ஏரி; நடுவில் குணசேகர் இறங்கிய ஊர் எதுவும் இல்லை. பூங்காவில் ஒரே ஓர் ஊஞ்சலில் ஆள் இருந்தது. முழுக்க நரைத்த தலை, பல் இல்லாத சிரிப்பு. பொன்மலரைப் பார்த்ததும் கால்களை உதைத்தது.

"ஏம்மா இவ்ளோ நேரம்? தள்ளிவிடும்மா."

பொன்மலர் பின்னால் போய் அந்த முதுகில் கை வைத்தாள். காவலாளி விசில் ஊதிக்கொண்டே வந்தார். பத்து வயசுக்கு மேற்பட்டவர்கள் ஊஞ்சலில் உட்காரக் கூடாது, அந்தம்மாவை இறக்குங்கள் என்றார்.

"இவளுக்கு ஏழு வயசுதாங்க," என்றாள் பொன்மலர்.

காவலாளி அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். தலையாட்டினார்.

"சரி, மெதுவாத் தள்ளுங்க. பிள்ளை பயந்துரும்."