அவையடக்கம்

கிழக்கே அரியலூரின் சுண்ணாம்புக்கல் அகழ்வுகளிலிருந்து எழுந்த வெண்புழுதி சாலையோரத்து வேம்புகளின்மேல் படிந்து அவற்றுக்கு நரை ஏற்றியிருக்க, மேற்கே பச்சைமலையின் அடியில் வேப்பந்தட்டையைச் சூழ்ந்த கரிசல் நிலங்களில் பருத்தி வெடித்துக் காற்றெங்கும் பஞ்சு மிதக்க, இவ்விரண்டுக்கும் நடுவே பெரம்பலூர் நகரம் பனி விலகுமுன்பே வண்டிகளின் இரைச்சலோடு கண்விழிக்கும் தை மாதத்துக் காலை அது. கற்றறிந்த பெரியீர், அக்காலையில் அரியலூர் நோக்கி விரைந்த பேருந்தின் முன்னிருக்கையில் மூன்று பெண்கள் நெருக்கி அமர்ந்திருந்தனர். சன்னலோரம் இருந்தவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி கவியா. அவள் பக்கத்தில், பருத்தி எடுக்கும் கூலி வேலையை அன்றைக்கு விட்டுவிட்டு, பெட்டியின் அடியில் கிடந்த பட்டுச் சேலையை உடுத்தி வந்திருந்த தாய் அம்மாக்கண்ணு. மூன்றாமவர் கவியாவின் தமிழாசிரியை வெற்றிச்செல்வி.

கவியா பிறவியிலேயே பார்வை இல்லாதவள். எட்டாம் வகுப்பு முடியத் திருச்சியில் ஒரு விடுதிப் பள்ளியில் தங்கி, தாளில் புடைத்து நிற்கும் புள்ளியெழுத்தை விரலால் தடவித் தடவி, தமிழும் கணக்கும் வரலாறும் தானே படித்து வளர்ந்தவள். பார்வையற்ற பிள்ளைகளைத் தனியே ஒதுக்கி வைத்தல் முறையன்று, எல்லாப் பிள்ளைகளோடும் ஒன்றாய் இருந்து ஊரிலேயே பயிலட்டும் என்று நல்லெண்ணம் உடைய சிலர் வந்து சொன்னபோது, மகளைப் பிரிந்து ஏங்கிக் கிடந்த அம்மாக்கண்ணு மறுபேச்சுப் பேசவில்லை. ஊர்ப்பள்ளியும் அவளை மாலையிட்டு வரவேற்று, வகுப்பின் முதல் வரிசையில் அமர்த்திக்கொண்டது. எல்லாம் நன்றாகவே நடந்தது. புள்ளியெழுத்து நூல்கள் மட்டும் வந்து சேரவில்லை. கேட்டபோதெல்லாம் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம் என்றார்கள்.

அங்கே அவளுக்கு எதிரியாய் வந்து வாய்த்தது 'பாவம்' என்ற ஒரேயொரு சொல். நிலப்படம் வரைகையில், "அவளுக்கு வேண்டாம், பாவம், விட்டுடுங்க" என்பார்கள். கணக்கில் கோணம் வரைகையிலும் அதே சொல்; தேர்வில் விடை தவறினாலும் அதே சொல்லோடு முழு மதிப்பெண். ஒரு பிள்ளையை அடித்து விரட்டினால் ஊர் திரண்டு கேட்கும். இரக்கம் என்று பெயர் வைத்து மெல்ல ஓரம் கட்டினால் யார் வந்து கேட்பது? படித்துப் பழகிய அவளுடைய விரல்கள் படிக்க ஒன்றுமின்றி, பலகை மேசையில் எவரோ கீறி வைத்த பழைய பெயர்களைத் தடவிக் கொண்டிருந்தன. அவள் அழுதாள்; வீட்டில் அல்ல, பள்ளியின் கிணற்றடியில், எவரும் அருகில் இல்லையென்று காதால் உறுதி செய்துகொண்ட பிறகு.

இப்படி இருக்கையில்தான் ஒரு தமிழ் மன்றத்தார் இரு மாவட்டத்துப் பள்ளிகளுக்கும் கட்டுரைப் போட்டி ஒன்றை அறிவித்தனர். தலைப்பு 'எங்கள் பள்ளி'. முதற்பரிசு பெறும் கட்டுரை விழா மேடையில் உரக்கப் படிக்கப்படும் என்றும், பள்ளி நூல்களைப் பகிர்ந்தளிக்கும் பொறுப்புடைய அலுவலர் ஒருவர் அதைக் கேட்க வருவார் என்றும் செய்தி வந்தது. கவியாவின் நெஞ்சில் ஓர் ஆசை சட்டென்று முளைத்தது. வெற்றி பெற்றால் தன் சொற்கள் அந்த ஒருவருடைய காதில் விழும்; விழுந்தால் நூல்கள் வரும். அவள் சொல்லச் சொல்ல எழுதும் பொறுப்பை வெற்றிச்செல்வி ஏற்றுக்கொண்டார்.

போட்டியன்று அவள் சொன்னது இதுதான்: "எங்கள் பள்ளியில் எல்லோரும் நல்லவர்கள். நான் கேட்கும் முன்பே என்னைப் பிடித்து அழைத்துச் செல்லக் கைகள் நீளும். ஆனால் பாடம் தொடங்கியதும் எல்லோரும் ஏட்டைப் புரட்டும் ஓசை கேட்கும். என் முன்னால் புரட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. யாரும் படித்துக் காட்டாமல் நானே ஒரு பாடத்தைப் படிக்க வேண்டும். தவறாகப் படித்தாலும் அது என் தவறாக இருக்கட்டும்." சொல்லி நிறுத்திய பின்னும் ஆசிரியையின் எழுதுகோல் தாள்மேல் ஓடிக்கொண்டே இருந்ததை அவள் கேட்டாள். நான் வேகமாகச் சொல்லிவிட்டேன் போலும், பாவம் டீச்சர், பின்தங்கிவிட்டார் என்று எண்ணி அவளும் சற்றுப் பொறுத்துப் பொறுத்தே மேலே சொன்னாள். அவளுக்கே முதற்பரிசு என்று செய்தி வந்த நாளில், அம்மாக்கண்ணு தெருவெங்கும் சருக்கரை கொடுத்தாள்.

அரியலூர் மண்டபத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. வாழ்த்துப் பாடலும் வரவேற்புரையும் முடிந்து, இனிமையான குரலுடைய ஒரு பெண் கட்டுரையைப் படிக்கத் தொடங்கினாள். "வெண்ணிறம் பூசிய எங்கள் பள்ளி தொலைவிலிருந்து பார்ப்பதற்கு நீர்நிலையில் அமர்ந்த அன்னம்போல் தோன்றும். வாயிலில் செங்கொன்றை பூத்துக் கண்ணைப் பறிக்கும்." இது இரண்டாம் பரிசு பெற்ற யாருடையதோ என்று நினைத்துக் கவியா தன் முறைக்குக் காத்திருந்தாள். "கண்ணில்லாத எனக்குக் கண்ணாக விளங்குவது என் பள்ளியே. அங்கு எனக்கு இல்லாதது எதுவுமில்லை" என்று அந்தக் குரல் முடித்தபோதுதான், தன் பெயரில் படிக்கப்பட்டது இதுவே என்று அவளுக்குப் புரிந்தது. அவையோர் கைதட்டினர். நிறத்தை இந்தப் பிள்ளை எப்படி எழுதிற்று என்று பின்வரிசையில் ஒருவர் வியந்தார். பக்கத்தில் தாய் விம்மும் ஓசை கேட்டது. அது மகிழ்ச்சியின் விம்மல் என்று அவளுக்குத் தெரிந்தது.

மேடைக்கு அழைத்துச் சென்று, தோளில் பொன்னாடை போர்த்தி, கையில் கேடயம் ஒன்றைத் திணித்து, வாய்முன்னே ஒலிவாங்கியைப் பிடித்து, இரண்டு சொல் பேசும்படி கேட்டனர். உள்ளம் கொதித்துக்கொண்டிருந்த அந்தப் பெண், ஐயோ, ஒரு பிழை செய்தாள். வீட்டில் பேசுவதுபோல், 'இத நான் சொல்லலீங்க' என்று பேசியிருந்தால் கேட்டோர் துணுக்குற்றிருப்பர். மேடையென்றால் செந்தமிழில்தான் பேசவேண்டும் என்று பழகிய நாவு அவளை அதற்கு விடவில்லை.

"அவையோர்க்கு என் வணக்கம். இக்கட்டுரையில் ஒரு சொல்லும் என்னுடையது அன்று. எல்லாம் என் ஆசிரியையின் சொற்கள். இப்பரிசுக்கு நான் உரியவள் அல்லேன்."

மண்டபம் அதிர்ந்தது. இவ்வளவு அழகான அவையடக்கத்தை இந்த வயதில் எவரும் கண்டதில்லையாம். பெரும்புலவரும் தம்மை எளியர் என்றே சொல்லிக்கொண்டு பாடத் தொடங்கும் மரபு நம்முடையது; அந்த மரபின் கொழுந்து என்று அவளைப் புகழ்ந்தார் மன்றத் தலைவர். "இல்லீங்க, நெசமாத்தான் சொல்றேன்" என்று அவள் பதறிச் சொன்னபோது ஒலிவாங்கி அவள் வாயை விட்டு விலகி, அலுவலரின் கைக்குப் போயிருந்தது.

அவர் நல்ல மனிதர். குரலிலேயே அது தெரிந்தது. தழுதழுக்கப் பேசினார். "தனி ஏற்பாடு எதுவுமின்றி, தனி நூல்கள் எதுவுமின்றி, மற்றப் பிள்ளைகளைப் போலவே பயின்று இந்தச் செல்வி முதலிடம் பெற்றிருக்கிறாள். அங்கு எனக்கு இல்லாதது எதுவுமில்லை என்று அவளே எழுதியிருக்கிறாள். இப்பிள்ளைகளுக்கு அது வேண்டும், இது வேண்டும் என்று எமக்கு எழுதுவோர் இவளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்." மீண்டும் கைதட்டல் எழுந்தது. நூல்கள் இனி வரப்போவதில்லை என்பதை, கேடயத்தை நெஞ்சோடு அணைத்தபடி அவள் அப்போது அறிந்துகொண்டாள்.

திரும்பும் பேருந்தில் தாய்க்குப் பின்னிருக்கையில்தான் இடம் கிடைத்தது. "எம் பொண்ணுதாங்க. மொதப் பரிசு. கலெக்டர் மாதிரி பேசுனா" என்று அருகிலிருந்த எவரிடமோ அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த மகிழ்ச்சியைக் கெடுக்கக் கவியாவுக்கு மனம் வரவில்லை. ஆசிரியையும் அவளும் முன்னிருக்கையில் அருகருகே அமர்ந்திருந்தனர்.

"கோவமா கவியா?" என்று வெற்றிச்செல்வி கேட்டார். "கொற சொல்லி எழுதுனா பரிசு குடுக்க மாட்டாங்கம்மா. பள்ளிக்கூடத்துலயும் உம்மேல வருத்தப்படுவாங்க. உனக்கு நல்லது நடக்கணும்னுதான் செஞ்சேன்."

"தெரியும் டீச்சர்."

"ஒரு பரிசு வந்துட்டா அப்புறம் நாலு பேரு உன்னக் கவனிப்பாங்கன்னு நெனச்சேன்."

"கவனிச்சாங்க டீச்சர்." பிறகு குரலைத் தாழ்த்தி, ஏறத்தாழ கெஞ்சுவதுபோல் கேட்டாள்: "அன்னிக்கு நான் சொன்னது உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். எனக்காக அத ஒருதடவ சொல்லுங்களேன். யாரோ ஒருத்தர் வாயால கேக்கணும் போல இருக்கு."

வெற்றிச்செல்வி வாய் திறந்தார். அன்றைக்கு அந்தப் பெண் தன் உள்ளத்தைத் திறந்து ஒவ்வொரு சொல்லாய் எடுத்து வைத்துக் கொண்டிருந்த வேளையில், அவர் அன்னத்தையும் செங்கொன்றையையும் தேடிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதில் ஒன்றையும் அவர் காதுகொடுத்துக் கேட்கவேயில்லை. "ஏதோ... புத்தகம் பத்தி..." என்று தடுமாறினார். கவியா தலையை அசைத்தாள். சன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

ஒருவரை நம்மோடு சேர்த்து அமர்த்திக்கொள்வது எளிது. அதற்கு ஓர் இருக்கை போதும். அமர்ந்தவர் பேசும்போது நம் கை எழுதுவதை நிறுத்தவேண்டும் என்பதை இன்னும் நாம் கற்கவில்லை. அந்தப் பெண் இப்போது பத்தாம் வகுப்பில், அதே முதல் வரிசையில் இருக்கிறாள். கேட்டால் மட்டும் பேசுகிறாள். நல்ல அடக்கமான பிள்ளை என்று ஊரார் சொல்லிக்கொள்கின்றனர்.