அறவாழியின் வீட்டுக்கு வந்த என் அம்மா

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக எனக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவுக்குக் கிடைத்தது. அவள் நாகர்கோவிலில் ரயிலேறி, மூன்று நாள் பயணம் செய்து, நொய்டாவுக்கு வந்தாள். நேராக அறவாழியின் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அறவாழி என் நண்பன். ஆபீசில் பக்கத்து நாற்காலி. அவன் வீடு என் அறையிலிருந்து ஆறு தெரு தள்ளி இருக்கிறது.

இருபத்தைந்தாம் தேதி காலையில் அவன் போன் செய்தான்.

“டைட்டஸ், உங்க அம்மா இங்க இருக்காங்கடா.”

“எப்ப வந்தாங்க?”

“செவ்வாக்கிழமை.”

“இன்னைக்கு வெள்ளிக்கிழமை.”

“ஆமா. நீயும் சாப்பிட வாயேன். கூட வேலை செய்யறவங்க யாராவது இருந்தா கூப்பிடச் சொன்னாங்க.”

சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். போன வருஷத்துச் சட்டை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அம்மா புதுச் சட்டை எடுத்து வைப்பாள். இந்த வருஷம் பார்சல் எதுவும் வரவில்லை.

அறவாழியின் குடியிருப்பு வாசலில் காவலாளி என்னை நிறுத்தினார். அவர் பீகார்காரர். ஆனால் நல்ல தமிழ் பேசினார். பண்டிகை நாளில் வருகிறவர்களின் பாஷையில்தான் பேச வேண்டும் என்று குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டிருந்தது.

“யாரைப் பாக்கணும்?”

“அம்மாவை.”

“எந்த வீடு?”

“முந்நூற்று நாலு.”

அவர் நோட்டைப் புரட்டினார். “அது அறவாழி சாரோட அம்மா.”

“இல்லை. என் அம்மா.”

“முறை என்னன்னு இதுல போடுங்க.”

நோட்டில் மூன்று கட்டங்கள் இருந்தன. மகன். நண்பர். தண்ணி கேன். மகன் என்ற கட்டத்தில் அறவாழி கையெழுத்துப் போட்டிருந்தான். செவ்வாய்க்கிழமை தேதி.

“ஒரு வீட்டுக்கு ஒரு மகன்தான். நீங்க லேட்,” என்றார் காவலாளி. அவர் வருத்தப்பட்டது உண்மை. பேனாவை எனக்காகத் திறந்தே கொடுத்தார்.

நண்பர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன்.

லிப்டிலிருந்து அவன் வீட்டுக் கதவுக்குப் பன்னிரண்டு அடிதான். அன்று நாற்பது நிமிஷம் ஆனது. நடக்க நடக்க நடைபாதை நீண்டுகொண்டே போனது. ஒரு குடும்பம் பாதி வழியில் போர்வை விரித்துப் பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் கடக்கும்போது கால்களை மடக்கிக்கொண்டார்கள்.

கதவை அம்மா திறந்தாள். பச்சைப் பட்டு கட்டியிருந்தாள். கையில் மாவு.

“வாங்க தம்பி,” என்றாள். “நீங்கதான் டைட்டஸா? அறவாழி சொன்னான். உள்ள வாங்க. செருப்போடயே வரலாம், ஒண்ணும் தப்பில்ல.”

எனக்கு முப்பத்தோரு வயது. அம்மா என்னை ‘வாங்க’ என்று சொன்னது அதுவே முதல் முறை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

அப்பா இல்லை. வரும் வழியில் இட்டார்சியில் டீ குடிக்க இறங்கினாராம். வண்டி எடுத்துவிட்டது. அவருடைய இருமல் மட்டும் வந்து சேர்ந்திருந்தது. அது ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவ்வப்போது இருமியது. அறவாழி எழுந்து போய் அதற்கு வெந்நீர் வைத்தான். அவனுக்கு அந்த வேலை நான்கே நாளில் பழகியிருந்தது.

அவன் போட்டிருந்தது புதுச் சட்டை. நீலக் கட்டம். அவனுக்கு அது தோளில் பிடித்தது. என் அளவு.

“சட்டை நல்லாருக்கு,” என்றேன்.

“டைட்டா இருக்குடா.”

“தின்னுட்டு தின்னுட்டுக் கிடந்தா டைட்டாதான் இருக்கும்,” என்றாள் அம்மா. “ஏலே, வந்தவருக்குத் தண்ணி குடுத்தியா? மரம் மாதிரி நிக்கான் பாரு.”

அவன் தலை குனிந்தான். அந்த ஏலே எனக்குரியது. அந்த மரமும் எனக்குரியது.

அம்மா முந்திரிக்கொத்து கொண்டுவந்தாள். எனக்குத் தட்டில் ஆறு உருண்டை. எல்லாம் முழுசு. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. அறவாழிக்குக் கையில் கொடுத்தாள். உடைந்தது, எண்ணெயில் கருகியது, மாவு உதிர்ந்து பயறு வெளியே தெரிந்தது. எங்கள் வீட்டில் முழுசெல்லாம் வருகிறவர்களுக்கு. உடைந்தது பிள்ளைகளுக்கு. நான் முப்பது வருஷம் உடைந்ததைத் தின்றவன்.

“எனக்கும் அது மாதிரி குடுங்க,” என்றேன்.

“ஐயோ, அதெல்லாம் உங்களுக்குத் தரலாமா தம்பி? நீங்க நல்லதா சாப்பிடுங்க.”

அறவாழி கருகியதைக் கடித்தான். கறுமுறுவென்று சத்தம் கேட்டது. நான் முழுசைக் கடித்தேன். சத்தமே வரவில்லை.

திட்டு வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. தண்ணீர் டம்ளரைத் தள்ளிவிட்டேன். கண்ணாடி டம்ளர். கீழே விழுந்து நொறுங்கியது.

“பரவால்ல தம்பி,” என்றாள் அம்மா. “திருஷ்டி போச்சு. கால வச்சுடாதீங்க.”

தட்டையும் தள்ளினேன்.

“பரவால்ல, பரவால்ல.” அவள் அறவாழி பக்கம் திரும்பினாள். “பராக்குப் பாத்துட்டு நிக்கியே, தூத்து எடுலே!”

அவன் துடைப்பத்தை எடுத்தான். அவன் குனிந்து பெருக்கும்போது பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அழகாகத் திட்டு வாங்குகிறவனை நான் பார்த்ததில்லை. காது மடல் சிவந்திருந்தது.

பிறகு அம்மா கதை சொன்னாள். அறவாழி எட்டாவது படிக்கும்போது சர்ச் மதிலில் ஏறிக் குதித்தானாம். முழங்காலில் ஏழு தையலாம். ஆஸ்பத்திரியில் அழாமல் இருந்ததற்கு அவனுக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தாளாம்.

“அது நான்,” என்றேன்.

“நீங்களும் விழுந்தீங்களா தம்பி?”

“ஏழு தையல். வலது முழங்கால்.”

அறவாழி பேண்ட்டை மடித்துக் காட்டினான். தழும்பு இருந்தது. பூரான் மாதிரி ஏழு கால். நான் என் பேண்ட்டை மடித்தேன். முழங்கால் வழுவழுவென்று இருந்தது. பிறந்ததிலிருந்து எங்கேயும் விழாத முழங்கால்.

அம்மா பிரியாணிக்கு வெங்காயம் வதக்க அடுப்பங்கரைக்குப் போனாள். நான் அறவாழியைப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனேன். துணிக்கொடியில் காகித நட்சத்திரம் காய்ந்துகொண்டிருந்தது.

“திருப்பிக் குடு,” என்றேன்.

“எதை?”

“அம்மாவை.”

அவன் யோசித்தான். அறவாழி எதற்கும் யோசித்துத்தான் பதில் சொல்வான். “நான் கேக்கலடா. கதவைத் தட்டினாங்க. தொறந்தேன். ‘முடி வெட்டலியாலே?’ன்னு கேட்டாங்க. என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்ல. உள்ள விட்டுட்டேன்.”

“வேற வீடுன்னு சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருக்கலாம்.”

“ஏன் சொல்லல?”

“முடி வெட்டப் போயிட்டேன்.”

அவனுக்கு அம்மா இல்லை. அவனுக்கு மூன்று வயதிருக்கும்போதே போய்விட்டாள். விழுப்புரத்தில் ஒரு ஹாஸ்டலில் வளர்ந்தான். எட்டு வருஷமாக எனக்கு அவனைத் தெரியும். எட்டு கிறிஸ்துமஸ் வந்தது. ஏழு முறை நான் ஊருக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் ஸ்டேஷனுக்கு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். வண்டி நகரும்வரை நின்றான். ஒரு முறைகூட நான் அவனை வா என்று சொல்லவில்லை.

இதை நினைத்து எனக்கு மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. நான்கு நாள் என்பது அதிகம் என்றுதான் தோன்றியது.

“ரெண்டு நாள் நீ வச்சிருந்திருக்கலாம்,” என்றேன். “மிச்சம் ரெண்டு நாள் எனக்கு அனுப்பியிருக்கலாம்.”

“கேட்டேன்டா. ‘டைட்டஸ் வீட்டுக்கும் போறீங்களா’ன்னு. ‘அடுத்தவங்க வீட்டுக்குப் போயி தொந்தரவு குடுக்கக் கூடாது மக்ளே’ன்னுட்டாங்க.”

மக்ளே என்று அவன் சொன்னபோது உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. விழுப்புரத்துக்காரனுக்கு அது வராது. வந்தது.

சாப்பிட்டோம். எனக்குக் கறித்துண்டுகள் வந்தன. அவனுக்கு எலும்பு. அவன் எலும்பை உறிஞ்சும்போது அம்மா அவன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். தானாக வைத்த கை. அவளுக்கே தெரியாது. நான் தலையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். எட்டவில்லை.

“கழுத்து வலியா தம்பி?” என்று கேட்டாள்.

“இல்லம்மா.”

‘அம்மா’ என்றதும் அவள் சிரித்தாள். எல்லாருடைய அம்மாவையும் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

கை கழுவியதும் அம்மா தன் போனை என்னிடம் நீட்டினாள்.

“தம்பி, எங்கள ஒரு போட்டோ எடுத்துத் தாங்க. என் மவன்கூட எனக்கு ஒரு நல்ல போட்டோவே இல்ல.”

அவள் சோபாவில் உட்கார்ந்தாள். அறவாழி பக்கத்தில் உட்கார்ந்தான். நான் போனைப் பிடித்தேன்.

“காலு விழாது. கொஞ்சம் பின்னால போங்க தம்பி.”

பின்னால் போனேன். முதுகு கதவில் இடித்தது. திறந்துகொண்டு போனேன்.

“இன்னும் கொஞ்சம்.”

படி இறங்கினேன். தெருவுக்கு வந்தேன். திரையில் இருவரும் தெளிவாகத் தெரிந்தார்கள். அம்மா முந்தானையைச் சரிசெய்தாள்.

“இன்னும் கொஞ்சம் தம்பி, சேலக்கரை தெரியணும்.”

ஆக்ராவைத் தாண்டினேன். பின்னால் பார்க்காமல் நடப்பது கஷ்டம். லாரிக்காரர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். நர்மதையில் பாலம் இருந்தது. நாக்பூரில் வெயில் நன்றாக இருந்தது, படத்துக்கு ஏற்ற வெயில். வாடிப்பட்டியில் ஒரு பெண் “பாத்துப் போங்க” என்றாள். அம்மா சிரித்தபடியே இருந்தாள். அறவாழியும் அசையவில்லை. அவன் சொன்னால் கேட்கிறவன்.

முதுகு ஒரு சுவரில் முட்டியது. எங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர். வீடு பூட்டியிருந்தது. மாமரத்தில் பக்கத்து வீட்டுக் கோழி உட்கார்ந்திருந்தது. இதற்குமேல் பின்னால் போக இடமில்லை.

“இப்ப சரியா இருக்கா?” என்று கத்தினேன்.

“சரியா இருக்கு தம்பி. எடுங்க.”

மூன்று படம் எடுத்தேன். முதல் இரண்டிலும் இருவரும் அழகாக இருந்தார்கள். மூன்றாவதில் அறவாழி கண்ணை மூடியிருந்தான்.

முதல் இரண்டையும் அழித்தேன்.