நீலத் தண்ணீர்

மூன்று வருடம் வீடு வீடாக ஏறி இறங்கித் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திய பிறகுதான் டாக்டரின் பேச்சு அந்த ஊரில் எடுபட்டது. வயற்காட்டுக்குப் போகாதீர்கள், வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டிக் கக்கூஸ் கட்டுங்கள் என்பார். கக்கூஸ் டாக்டர் என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அவர் சொல் கேட்டு முதலில் தோண்டியவள் பால்காரி. வேலியோரம் குதிகாலால் கோடு கிழித்து இடம் காட்டியவரும் அவர்தான்.

அந்த வருடம் மழை விட்டதும் விஷக்காய்ச்சல் பதினோரு வீடுகளில் நுழைந்து, நாலு பிள்ளைகளை வாரிக்கொண்டு போனது. ஒன்று பால்காரியின் ஒரே மகள்.

டாக்டர் சைக்கிளில் அலைந்து விசாரித்தார். குடிதண்ணீர் ஆளுக்கொரு இடம். பால் மட்டும் ஒரே கை, பால்காரியின் கை. கேன்களைச் சாம்பல் போட்டுப் பளிச்சென்று தேய்ப்பவள் அவள். எந்தக் கிணற்றடியில் என்று பார்க்கப் போனார்; அவர் கோடு கிழித்த குழியிலிருந்து பத்தடியில் இருந்தது அவள் வீட்டுக் கிணறு.

"அக்கா, இந்தத் தண்ணியப் பொழங்காதீங்க. எறைச்சு மட்டும் பாருங்க" என்றவர், கக்கூஸ் குழியில் ஒரு வாளி நீலச் சாயத்தை ஊற்றினார். மூன்றாம் நாள் காலை அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள்.

"டாக்டரய்யா, தண்ணி நீலமா வருது!"

நர்சம்மா அவரை உள்ளே இழுத்தாள். "கிணத்த மூடச் சொல்லுங்க, போதும். தப்பு உங்களுதுன்னு தெரிஞ்சா ஊசி போடக்கூட யாரும் வரமாட்டாங்க சார்."

அது அவருக்கும் தெரியும். இருந்தும் பால்காரியின் எதிரே உட்கார்ந்து, குழித்தண்ணீர் கிணற்றில் ஊறியதையும், அதில் கழுவிய கேன் வழியே காய்ச்சல் பரவியதையும் சொன்னார்.

"எம் பொண்ணு தாகம் தாகம்னு கேட்டப்பெல்லாம் அந்தத் தண்ணியத்தானே குடுத்தேன்."

"உங்க தப்பு இல்லக்கா. எடம் காட்டினது நான்."

"நீங்க படிச்சவருதானே, ஐயா?" என்று மட்டும் கேட்டாள்.

பழி அவள் தலையில் விழக்கூடாதென்று, அன்று மாலையே கடைத்தெருவில் நின்று ஊரறியச் சொன்னார். பிள்ளையைப் பறிகொடுத்த கொத்தனார் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கி, பிறகு அந்தத் தோளிலேயே சாய்ந்து அழுதார். கிணற்றை மூடினார்கள், காய்ச்சல் நின்றது. ஆனால் ஒரு வாரத்துக்குள் ஊரிலிருந்த கக்கூஸ் குழிகளையும் மூடிவிட்டார்கள். மூன்று வருடப் பாடு மண்ணோடு மண்ணாயிற்று.

அடுத்த கோடையில் தச்சர் மனைவி ஒருத்தி மட்டும் கூப்பிட்டு அனுப்பினாள். "திரும்பத் தோண்டணும். இந்தத் தடவ சரியா அளந்து காட்டுங்க."

கிணற்றிலிருந்து கயிறு பிடித்து மூன்று முறை அளந்தார். பிறகுதான் முளை அடித்தார். தெருவில் பால்காரி கேனோடு போய்க்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றார்.

அவள் நின்றாள். திரும்பவில்லை. கேனைக் கை மாற்றிக்கொண்டு நடந்தாள்.