வாடை இல்லீங்க

புதுக் கட்டடத்தின் மாடியில் விடியும் முன்பே முட்டி போட்டுவிட்டோம். பசை பூசிய பிளாஸ்டிக் தரைத்தாளின் அடிக்காகிதத்தை உரித்து, மூலை பிசகாமல் கிடத்தி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டித் தோல் கன்றிக் கறுத்திருந்தது. சன்னல்கள் சாத்தியே இருக்கும். தூசி விழுந்தால் பசை பிடிக்காது. பிடிக்காவிட்டால் திரும்ப உரித்து ஒட்ட வேண்டியவர்களும் நாங்கள்தான்.

அது பசுமைச் சான்று வாங்கப்போகிற கட்டடம். உள்ளே ஒட்டுகிற எதுவும் நச்சுக்காற்றை அதிகம் கசியவிடக் கூடாது என்பது விதி. "இது நல்ல சரக்கும்மா, தைரியமா மூடி வச்சு ஒட்டுங்க" என்றார் மேஸ்திரி. நம்பினோம். நேற்றுவரை எங்களோடு முட்டி போட்டவர், எங்களுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். கண் எரிந்தால்கூடத் தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டோம்.

காலையில் சான்று அதிகாரி வந்தார். கீழே மாதிரி அறையை மட்டும் காட்டிவிட்டு, முதலாளி எங்களை அழைத்து அவர்முன் நிறுத்தினார்.

"மேலயும் இதே தாள்தானா? வேலை செய்யும்போது வாடை வருதாம்மா?"

"இல்லீங்க" என்றேன். பொய்யில்லை. எனக்கு ஒன்றும் அடிக்கவில்லை. அதிகாரி சந்தோஷமாகத் தேநீர் குடிக்கப் போனார்.

மேலே வந்து இரண்டு தாள் ஒட்டியிருப்போம். பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த என் அக்கா மூச்சுக்குத் திணறிச் சுவரோரம் சரிந்தாள். தூக்க ஓடிவந்த எலெக்ட்ரீசியன் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"அடப்பாவமே, இதுக்குள்ளயா இருக்கீங்க? உங்களுக்கெல்லாம் மூக்கு, மூக்குத்தி போட மட்டுந்தானா?"

அப்போதுதான் புரிந்தது. எத்தனையோ வருடப் பசை எங்கள் மூக்கைத் தின்றுவிட்டிருந்தது. அது தெரிந்துதான் எங்களைச் சாட்சிக்கு நிறுத்தியிருக்கிறார்கள்.

அக்காவைப் படிக்கட்டுக் காற்றில் கிடத்தினோம். இருமல் வந்தது, மூச்சும் வந்தது.

"அண்ணே, இது நல்ல சரக்குதானா?"

மேஸ்திரி தலையைத் தொங்கப்போட்டார். "மாதிரி ரூமுக்கு மட்டுந்தான் நல்ல சரக்கு வந்துச்சு."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

அக்கா கட்டிவந்த சோற்றில் தினமும் பாதியைத் தின்ற மனிதர். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது இதுதான்.

முதலாளி வந்து எட்டவே நின்றார். "சான்று இங்க குடியிருக்கப் போறவங்களுக்கு. ஒட்டிட்டுப் போற உங்களுக்கு என்ன?"

"அவங்களும் இந்தக் காத்தைத்தானே சார் இழுக்கப் போறாங்க?" என்றேன்.

"வாய மூடிட்டு வேலையப் பாருங்க. இல்லைன்னா வேற ஆள் வரும்."

அக்கா படுத்தபடியே சொன்னாள்: "புது ஆளுக்கு மூக்கு இருக்குமே சார். வாடை இல்லைன்னு எப்படிச் சொல்லுவாங்க?"

அதற்குமேல் யாரும் யாரையும் கேட்கவில்லை. அக்காவைத் தாங்கிக்கொண்டு எல்லோரும் இறங்கினோம். எலெக்ட்ரீசியனும் வந்தான். மேஸ்திரி மட்டும் படியிலேயே நின்றுவிட்டார்.

அதிகாரியின் கார் கிளம்பிக்கொண்டிருந்தது. மறித்து நின்றோம்.

"காலையில சொன்னது தப்புங்க" என்று கண்ணாடியைத் தட்டினேன். "எங்க மூக்கு செத்துப்போச்சு. உங்க மூக்கோட மேல வந்து பாருங்க."

கண்ணாடி இறங்கவில்லை. பின்னால் முதலாளி கத்தினார். டிரைவர் ஹாரனை அமுக்கினான். அக்கா இருமிக்கொண்டே காரின் முன்பக்கத்தில் உள்ளங்கையை ஊன்றினாள். அவள் பக்கத்தில் நான் ஊன்றினேன். ஒவ்வொருவராக எல்லோரும் ஊன்றினார்கள்.